காலுக்குத் தங்கம் ஆகாது

பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போன மறுநாள், அவர்கள் குப்பைத் தொட்டியருகே விட்டுப்போன பழைய கேஸ் கிரில்லை அப்பா எங்கள் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். உருட்டினார் என்பது பெருமைக்குச் சொல்வது. அதற்கு ஒரு சக்கரம்தான் இருந்தது. மற்றபடி தூக்கிக்கொண்டுதான் வந்தார். கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப்பேர் கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அம்மா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே இல்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர், வேலையை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டால், பிடிக்கவில்லை என்பார். எனக்கும்தான் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. என்னை யார் விட்டார்கள்?

பட்டறை நண்பர்கள் போன் செய்தால்கூட எடுக்காமல் இருந்தவர், கிரில் வந்த மூன்றாம் நாள் தானே அவர்களைக் கூப்பிட்டார். தீபாவளிக்கு வரவேண்டும், தன் கையாலேயே கோழி சுட்டுப் போடுவேன் என்றார். அவர் அப்படிச் சிரித்துப் பேசி நாங்கள் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அதற்குப் பிறகு அம்மா கிரில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சுரண்டிக் கழுவியதில் பர்னர் நன்றாகத்தான் இருந்தது. போல்டுகள்தான் துருப்பிடித்துக் கையோடு வந்தன. ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்பும்போது, ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த அன்னாசிப்பழக் காந்தத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடையில் ஒவ்வொரு போல்டாக அதில் வைத்துப் பார்த்தார். ஒட்டாத வெள்ளை போல்டுதான் அவருக்கு வேண்டுமாம். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரத் தவுக்கே மலாயில் அலுத்துக்கொண்டார்: "சாமா சாஜா லா." ஒன்றில்லை என்று அப்பா விடவில்லை. "தா சாமா, தவுக்கே."

எனக்குப் பிடித்தவை பக்கத்து டப்பாவில் இருந்தன. மஞ்சளாக, தங்கம்போல மினுமினுப்பவை. ஆனால் காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டன. என் முகத்தைப் பார்த்து, கிரில்லின் காலுக்கு மட்டும் அதில் எட்டு வாங்கினார். வெள்ளை பர்னருக்கு, மஞ்சள் காலுக்கு என்று இரண்டு பையையும் என் கையில் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவு.

பர்னரைப் பிடிக்கும் போல்டுகள் உள்ளே இடுக்கில் இருந்ததால், சின்னக் கை வேண்டும் என்று என்னைத்தான் முடுக்கச் சொன்னார். அவர் சக்கரம் தேடிப் போன நேரத்தில் நான் யோசித்தேன். அதற்குச் சில நாள் முன்புதான் கழுத்துச் சங்கிலியைக் காலில் சுற்றிக்கொண்டு ஆடியதற்காக அம்மா என் முதுகில் ஒன்று வைத்திருந்தாள். தங்கம் மகாலட்சுமி, அதைக் காலில் போடுவாங்களாடி என்று. ஒன்பது வயதில் எனக்குத் தெய்வ குற்றம் என்றால் அப்படியொரு பயம். அப்பா தெரியாமல் சொல்லிவிட்டார் என்று தீர்மானித்து, மஞ்சளை உள்ளே முடுக்கினேன், வெள்ளையைக் காலுக்குப் போட்டேன். குடும்பத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

தீபாவளியன்று நண்பர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அம்மா மசாலா தடவிய கோழியைப் பெரிய தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அப்பா புதுச் சட்டையோடு கிரில்லைப் பற்றவைத்துச் சூடேற விட்டார். நான் மூடியருகே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர்களில் ஒரு மாமா குனிந்து பார்த்து, "என்ன மச்சான், காலுக்குப் போயி ஸ்டெய்ன்லெஸ் போட்டிருக்க?" என்று கேட்டார்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. கேஸை அடைத்தார். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"உள்ள எதும்மா போட்ட?"

சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை, நண்பர்களும் சிரிக்கவில்லை. கிரில் ஆறும்வரை காத்திருந்து, எட்டையும் கழற்றி மாற்றினார். புதுச் சட்டையெல்லாம் கரி. அதற்குள் அம்மா கோழியைக் குவாலிச் சட்டியில் பொரித்துவிட்டாள். தன் கையால் சுட்டுப் போடுவதாகக் கூப்பிட்ட நண்பர்களுக்கு அவரால் பரிமாறத்தான் முடிந்தது. ஒரு போல்டுக்காக ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிவிட்டாரே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

வளர்ந்து பக்கத்து ஊரான சினாயில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பாதுகாப்பு வகுப்பில்தான் தெரிந்தது. அந்த மினுமினுப்பு துத்தநாகப் பூச்சு. அது தீயில் எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. காற்றில்லாத கப்பல் அறைகளில் அந்தப் பூச்சுள்ள தகடுகளை வெல்டிங் செய்பவர்களுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது வெல்டர்களின் நம்பிக்கை. அப்பாவுக்குப் பிடிக்காமல் போனது எது என்று அப்போதுதான் புரிந்து, வகுப்பில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

அந்தத் தீபாவளியன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எல்லாப் பிள்ளைகளும் ஆரஞ்சுத் தண்ணி குடிக்க, எனக்கு மட்டும் அப்பா ஒரு பெரிய மங்கு பாலைக் கொண்டுவந்து நீட்டினார். வீம்புக்குப் பாதியைக் குடித்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே மீதியைக் கறிவேப்பிலைச் செடியில் ஊற்றினேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய் இன்னொரு மங்கு கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.