சீக்காளிக்கு ஒருசந்தி இல்லை

என் பேரனுக்கு ஒரு கண் இமை தொங்க ஆரம்பித்தபோது என் மகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். கடைசியில் ஒரு டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார். மைட்டோகாண்ட்ரியா என்று வரும் பெயர். உடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் எரிகின்றனவாம். இவனுக்கு அவை சரியாக எரியவில்லையாம். தாய் வழியாக வருகிற நோயாம். முழுதாகக் குணமாக்க மருந்து இல்லையாம். எல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இவனை எக்காரணம் கொண்டும் பட்டினி போட்டுடாதீங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அக்காவைப் பட்டினி போட்டுத்தான் கொன்றார்கள்.

கொன்றார்கள் என்று எழுதினால் ஊரில் மிச்சம் இருக்கிற நாலு பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆவூருக்கு அங்கிட்டு, மேட்டுக்காட்டில் இருந்த சின்ன ஊர் எங்களுடையது. எல்லோரும் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பாவை ஐயா என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். அக்கா என்னைவிட மூத்தவள், நான் பாவாடை கட்டிய வயதில் அவள் தாவணி போட்டிருந்தாள். அப்போதுதான் அவளுடைய இடது இமை இறங்கியது. நாளாக நாளாகக் கண்ணை முக்கால்வாசி மூடிவிட்டது. எதிரில் இருக்கிறவரைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பாள். திமிராகப் பார்க்கிறாள் என்று பெயர் வந்தது. சும்மா இருந்தால் தூங்குமூஞ்சி என்று பெயர்.

இமை மட்டும் இல்லை. காலையில் நன்றாகத்தான் இருப்பாள். வாசல் தெளிப்பாள், இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவருவாள். மூன்றாவது குடம் இடுப்புக்கு ஏறாது. வெயில் ஏற ஏறக் கை தோளுக்கு மேலே போகாது. தலை வாரும்போது ஒரு கையால் மற்ற முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். சாயங்காலம் ஆனால் கஞ்சி தொண்டையில் இறங்காது, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் குடிப்பாள். விடிந்தால் மறுபடி நன்றாக இருப்பாள். அதுதான் அவளுக்கு வந்த வினை. காலையில் நன்றாக இருக்கிறவளுக்குச் சாயங்காலம் என்ன கேடு என்று யாருக்கும் புரியவில்லை.

அவள் முந்தானையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லமும் ஒரு பிடி பொட்டுக்கடலையும் முடிந்திருக்கும். கை விழுந்துவிட்டால் ஓரமாக உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேலையைத் தொடுவாள். எழுந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை, உட்கார்ந்து தின்றதைத்தான் பார்த்தார்கள்.

"குடம் தூக்கக் கை வலிக்குது, வெல்லம் தூக்கக் கை வலிக்கலையாடி?" என்பாள் ஆத்தா. "ஒனக்கு வாய் மட்டும் எப்படி வேலை செய்யுது?"

"பொழுது சாஞ்சா அதுவும் செய்யாது ஆத்தா. அப்ப நீ நிம்மதியா இரு" என்பாள் அக்கா.

ஒருநாள் ஆத்தா வெல்லப் பானையைத் தூக்கி உறியில் வைத்து, உறிக் கயிற்றைச் சுருக்கி விட்டத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டாள். அக்காவுக்குக் கை எட்டாது என்று தெரிந்தே கட்டினாள். நான் உரலின் மேல் ஏறி எடுத்துக் கொடுத்தேன். அதற்கு விளக்குமாற்றால் அடி வாங்கினேன். மறுநாளும் ஏறினேன்.

புதுக்கோட்டையில் ராஜா போய் சர்க்கார் வந்த வருஷம் அக்காவைக் கீரமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்கக் காலையில் வாருங்கள் என்று ஐயா சொல்லியனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது. காலையில்தான் வந்தார்கள். அக்கா நிமிர்ந்து நின்று காப்பி கொடுத்தாள். இமையைக் கேட்டதற்கு, சின்ன வயதில் கட்டி வந்து போனது என்று ஐயா சொன்னார்.

அங்கே தோட்ட வேலை. கடலை பறிப்பு வந்தது. பறிக்கிற இடத்திலேயே படுத்துவிட்டாள் என்று சொல்லி அடுத்த வருஷம் மாப்பிள்ளை பஸ்ஸில் கூட்டிவந்து விட்டார். மச்சான் கெட்டவர் இல்லை. வேடிக்கையாகப் பேசுவார். அன்றைக்கும் வேடிக்கையாகத்தான் பேசினார்.

"மாமா, நான் பொண்ணு கேட்டேன். நீங்க தலகாணியில்ல குடுத்துட்டீங்க."

ஐயா அவரைக் கெஞ்சி, அக்காவையும் என்னையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார். போனது காலை நேரம்.

"ஒண்ணுமில்லைங்க. எல்லாம் நல்லா இருக்கு. சும்மா உக்கார வைக்காம வேலை குடுங்க, சரியாப் போயிரும்."

"கண்ணு இப்படி இருக்குதேங்க?" என்று நான் கேட்டேன்.

"அது பொறவி."

"பொறவி இல்லீங்க. இப்பதான் வந்துச்சு."

"அப்ப தூக்கம் பத்தலை" என்றார். மச்சான் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார். அக்கா தலையைச் சாய்த்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சான் அங்கிருந்தே கீரமங்கலத்துக்கு பஸ் ஏறினார். உடம்பு சரியானதும் சொல்லியனுப்புங்கள், வந்து கூட்டிப்போகிறேன் என்றார்.

அதன் பிறகு வந்த திருநாளில்தான் அது நடந்தது. அந்தக் காலத்தில் நன்மை வாங்குவதற்குக் கடுமையான விதி. நன்மை என்பது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. எங்கள் ஊரில் சாமியார் தங்கவில்லை. வேறு ஊரில் பூசை முடித்துவிட்டு மாட்டு வண்டியில் வந்து சேர்வார். வெயில் சுள்ளென்று ஏறிவிடும். அதுவரைக்கும் சனம் வெறும் வயிற்றோடு செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்.

"நீ நன்மை வாங்காதேக்கா. சாப்பிட்டுட்டுச் சும்மா வந்து உக்காரு" என்று நான் சொன்னேன்.

"புருஷன் கொண்டாந்து விட்டவ நன்மையும் வாங்கலைன்னா, என்ன பாவம் பண்ணிட்டு வந்தாளோம்பாளுக." முந்தானையை அவிழ்த்து வெல்லத்தை என் கையில் கொடுத்தாள். "இத நீ வச்சுக்க. எங்கிட்ட இருந்தா கோவில்லயே தின்னுருவேன்."

பூசையில் முட்டுப்போட்டு முட்டுப்போட்டு எழுந்தாள். பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருக்கிற கிராதியண்டை போய் நின்றபோது அவள் கால் ஆடுவது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தார். வாய் மூடவில்லை. அப்பம் தரையில் விழுந்தது, அதன் பக்கத்திலேயே அவளும் விழுந்தாள்.

ஆண்டவரே தரையில் விழுந்த மாதிரி அது. சாமியார் மண்டியிட்டு அப்பத்தை எடுத்து, அந்த இடத்தில் வெள்ளைத் துணி விரித்தார். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினார். அவ்வளவு நேரமும் அக்கா கிடந்த இடத்திலேயே கிடந்தாள். நானும் ஆத்தாவும்தான் இழுத்து வெளியே கொண்டுவந்தோம். வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன். கண் விழித்தாள். அதற்குள், ஊரில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "நன்மை உள்ள போகமாட்டேங்குதுன்னா உள்ள எது குந்தியிருக்குன்னு பாத்துக்கங்க."

சாமியார் வெளியே வந்து ஐயாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

"இந்தப் பொண்ணுக்கு என்ன சீக்கு?"

"சீக்கெல்லாம் இல்லீங்க சாமி."

"சீக்குன்னா மறைக்காமச் சொல்லுங்க. நான் வீட்டுக்கே வந்து நன்மை குடுக்குறேன்."

"டவுன் டாக்டரே பாத்துட்டாருங்க சாமி. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாருங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா கேட்டாள், சீக்கு என்று சொல்லியிருந்தால் என்ன என்று. ஐயா எரிந்து விழுந்தார்.

"சீக்குன்னு ஊரறியச் சொல்லி மாப்பிள்ளை இவள விட்டுட்டுப் போக வழி விட்டுரச் சொல்றியா? அப்புறம் இந்தச் சின்னவள எவன் கட்டுவான்? ரத்தத்துலயே இருக்கும்பான். பேயின்னா ஓட்டிப்புடலாம். ஓட்டிட்டா அதோட போச்சு."

என் ஐயாவின் கணக்கு இதுதான். பேய் வெளியிலிருந்து வந்தது, போய்விடும். சீக்கு நம்முடையது. ஊரில் எத்தனையோ வீட்டில் இப்படித்தான் நினைத்தார்கள். நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. அவருக்கு நான் ஒரு சாக்கு. எனக்குக் கல்யாணம் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அப்படித்தான் அக்காவை ஓர் அந்தோணியார் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பேய் பிடித்தவர்கள் என்று கொண்டுவந்து விட்டவர்களுக்குக் கோவிலைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகள் இருந்தன. ஆத்தாவும் நானும் அவளோடு ஒரு கொட்டகையில் தங்கினோம். அங்கே எல்லாருக்கும் ஒருசந்தி. ஒருசந்தி என்றால் உபவாசம். பகல் முழுக்கத் தீர்த்தம் மட்டும், பொழுது சாய்ந்தபிறகு ஒருவேளை உப்புக் கஞ்சி. பசாசு பசியில்தான் ஓடுமாம். சாயங்காலம்தான் அவளால் விழுங்க முடியாத நேரம். அந்த நேரத்தில் கொடுத்த ஒருவேளைக் கஞ்சியும் பாதி வழிந்துவிடும்.

கொட்டகைகளுக்குக் காவல் ஒரு கிழவர். ஒருநாள் நான் அக்கா வாயில் வெல்லம் வைக்கப் போனதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"பேய்க்குத் தீனி போடாத பாப்பா. ஒங்கக்கா வேணுமா, பேய் வேணுமா?"

வெல்லத்தை வாங்கி எறும்புக்குப் போட்டார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"ஏ குட்டி, பேயி நாந்தான் போல" என்றாள். "எனக்குத்தானே பசிக்குது."

நான் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முகம் வரவில்லை. அப்போது இரண்டு இமையும் மூடிக்கொண்டிருந்தன. என் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றால் விரலால் இமையைத் தூக்கிக்கொள்வாள். பிறகு விரலையும் தூக்க முடியாமல் போனது. நான் தூக்கிப் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள். கூட்டம் வந்த அன்று அவள் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீரை வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு ஒரு மாதிரி வாங்கியது. அப்போதுதான் பயந்துபோய் அந்தக் கோவில் சாமியாரைக் கூப்பிட்டார்கள். வயசானவர். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயோடு வந்து குனிந்து பார்த்தார். அவள் கையை எடுத்து விட்டுப் பார்த்தார். துணி மாதிரி விழுந்தது.

"இந்தப் பொண்ணு எப்பக் கடைசியாச் சாப்பிட்டுச்சு?"

"ஒருசந்திங்க சாமி" என்றாள் ஆத்தா.

"சீக்காளிக்கு ஏதும்மா ஒருசந்தி? திருச்சபையே சீக்காளிக்கு ஒருசந்தி இல்லைங்குது. யாரு பட்டினி போடச் சொன்னா?"

சாமியார் என்னைப் பார்த்து, ஏதாவது இனிப்பாகக் கொடு என்றார். பக்கத்துக் கொட்டகையில் வாங்கி ஓடிவந்து வெல்லத்தை அவள் நாக்கில் வைத்தேன். விழுங்கவில்லை. கரைந்து உதட்டோரமாக வழிந்தது. சாமியார் எண்ணெய் பூசி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அவளை முதல்முதலாகச் சீக்காளி என்று சொன்ன மனிதர் அவர்தான். சொன்ன நேரத்தில் அது அவளுக்கு ஒன்றுக்கும் ஆகவில்லை.

மச்சான் வந்து அழுதார். நிஜமாகத்தான் அழுதார். அடுத்த வருஷம் வேறு பெண் கட்டினார். எனக்கும் கல்யாணம் நடந்தது. பேய் அடித்துச் செத்தவளின் தங்கை என்று யாரும் ஒதுக்கவில்லை, ஐயாவின் கணக்கு பலித்தது. நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் சாகும்வரைக்கும் பேசவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. பிறகு நன்மை வாங்குகிற விதியையும் தளர்த்தினார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள், இன்னும் கொஞ்ச காலம் கழித்து மூன்று மணி நேரம் வயிறு காய்ந்தால் போதும் என்றார்கள். கோவிலில் அதை அறிவித்த அன்று சனமெல்லாம் சந்தோஷப்பட்டது. நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

என் மகள் பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். ஐயா இல்லை, ஆத்தா தனியாக இருந்தாள். ஒருநாள் பார்க்கப் போனேன். வாசலில் என் குரல் கேட்டு வந்தவள் தலையைப் பின்னால் சாய்த்து என்னைப் பார்த்தாள். இடது இமை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

உள்ளே போனேன். உலை வைத்தேன், வீட்டைக் கூட்டினேன். ஆத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் மகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன. சாயங்காலம் ஆனது.

"ஏ குட்டி" என்றாள். "அந்த உறியக் கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டிவிட்டுப் போ. எட்டமாட்டேங்குது."

கயிற்றை அவிழ்த்தேன். அக்காவுக்கு எட்டாமல் இருக்க அவள் கட்டிய அதே முடிச்சு. பானை இடுப்புயரத்துக்கு வந்தது. ஒரு துண்டு வெல்லம் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதை வாயில் போடாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு பேச்சுப் பேசியிருக்கலாம். நல்ல மகள்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"ஆமா" என்றேன். "இப்படியேதான் இருந்துச்சு. தின்னு."

ஆத்தா தின்றாள். விழுங்க நேரமானது. விழுங்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன்.