அக்ரூட் கறை பட்ட இளவரசி

செவ்தா அக்காவின் கைகள் செப்டம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை கறுத்தே இருக்கும். அக்ரூட்டின் பச்சைத் தோலை உரித்தால் அப்படித்தான். சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. பல்கேரியாவில் ஸ்லிவெனுக்குப் பக்கத்தில் இருக்கும் பழுப்புத் தோல்கொண்ட எங்கள் ரோமா இனத்தாரின் குடியிருப்பில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. ஏழாவதோடு படிப்பை விட்ட அக்காதான் இங்கிருந்து முதலில் நகர நூலகத்துக்குப் போய் மகளுக்கு உறுப்பினர் அட்டை வாங்கியவர்.

போன இலையுதிர் காலத்தில், மகள் அல்பேனாவுக்கு நூலகப் புத்தகத்திலிருந்து கதை வாசிக்கும்போது அக்காவின் ஈர விரல் படத்திலிருந்த இளவரசியின் முகத்தில் பதிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் பழுப்பு.

"விடும்மா! இவ என்னை மாதிரியே இருக்கா!" என்றாள் அல்பேனா. அன்று அந்தப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நூலகர் பெத்ரூனோவா அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஈடாக வேறொரு நல்ல புத்தகம் தந்தால்தான் அட்டை. கறை பட்டது எடைக்குப் போடும் பழைய காகிதக் கட்டுக்குப் போகும்.

அக்கா என்னிடம் வந்தார். "நீதான் பட்டம் வாங்கினவளாச்சே, ஸ்லிவெனுக்கு வாடீ. நம்ம புள்ள மாதிரி புள்ள இருக்குற புத்தகமாப் பாத்து வாங்குவோம்."

அங்கிருந்த இரண்டு புத்தகக் கடைகளிலும் தேடினோம். மஞ்சள் முடி, நீலக் கண், மறுபடி மஞ்சள் முடி. பழுப்பு நிறத்தில் கரடி இருந்தது, முள்ளெலி இருந்தது. கடைசியில் ஒரு படத்தில் எங்கள் ரோமா ஆள் ஒருவர் அகப்பட்டார். கோழியைத் திருடிக்கொண்டு ஓடினார்.

"பாத்தியா, நாமளும் இருக்கோம்டீ!" அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் என்னை வரையச் சொன்னால் நானும் முடிக்கு மஞ்சள் கிரேயானைத்தான் எடுத்தேன். ஏன் என்று பல்கலைக்கழகத்தில்கூட நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"மன்னிப்பு கேட்டுடலாம்க்கா. அட்டை கெடச்சாப் போதும்."

"எதுக்குடீ மன்னிப்பு?"

மறுநாள் வெறுங்கையோடு நூலகத்துக்குப் போனோம். அல்பேனாவும் வந்தாள்.

"ஈடு எங்கம்மா?" என்றார் பெத்ரூனோவா.

"கெடைக்கல. எம் பொண்ணு மாதிரி புள்ள இருக்குற புத்தகம் இந்த வட்டாரத்துலயே ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் நீங்க குப்பையில போடப் போறீங்க."

"அது வெறும் கறைம்மா!"

அக்கா தன் இரு கைகளையும் மேசைமேல் விரித்தார். "அப்ப இது?"

பெத்ரூனோவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வேற ஏதாவது ஒண்ணு கொண்டா. எதுவானாலும் வாங்கிக்கறேன்."

"தரமாட்டேன். அதைத் திரும்ப அலமாரியில வைங்க. வைக்கிற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். உரிக்க ரெண்டு மூட்டை பாக்கி இருக்கு, இங்கயே கொண்டாந்து உரிக்கறேன்."

பெத்ரூனோவா தன் வெள்ளைப் பின்னல் மேசைவிரிப்பைப் பார்த்தார். பிறகு காகிதக் கட்டிலிருந்து புத்தகத்தை உருவி அலமாரியில் செருகினார். அட்டையை மேசைமேல் தள்ளினார்.

அல்பேனா உடனே புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள். "அம்மா, இளவரசன் இன்னும் வெள்ளையாவே இருக்கானே?"

"வீட்டுக்குக் கொண்டா," என்றார் அக்கா, பெத்ரூனோவாவுக்கு நன்றாகக் கேட்கும்படி. "மூட்டைதான் பாக்கி இருக்கே."