சாமைச் சோற்றுச் சண்டை

ஒரு கையால் இட்லித் தட்டில் மாவை ஊற்றியபடியே, மறு கைப் பெருவிரலால் போனில் வம்பு ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கிறார் சுகுணா. "மலை பஸ் ஆறு பத்துக்குக் கெளம்பிடுச்சு. அப்புறம், சாமைச் சோறெல்லாம் ஒரு சோறா?"

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு ஓரம் அவர் கடை. சித்தேரி மலைக்காரர்களுக்காக அவர் போனில் நடத்தும் 'மலை பஸ் வருதா' குழுவில் நாலாயிரம் பேர். முன்பெல்லாம் "பஸ் வருது" என்று இரண்டே சொல் போடுவார். மலை முழுக்கத் தெரிந்துவிடும், ஆட்கள் ரோட்டுக்கு நடந்து வருவார்கள். பிறகு போனுக்குத் தனிப்புத்தி வந்தது. யாருக்கு எதை எப்போது காட்டுவது என்று அதுவே முடிவு செய்தது. நடிகை கல்யாணச் சேதி உடனே வரும். திங்கட்கிழமை பஸ் சேதி செவ்வாய்க்கிழமை வரும்.

அப்படி வந்த பழைய சேதியை நம்பித்தான், போன வருஷம் மலையில் இருந்த நிறைமாதக் கோகிலா ஸ்கேனுக்குப் போக மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து, வராத பஸ்ஸுக்காகப் பதினொரு மணி வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். அதைக் கேள்விப்பட்ட அன்று சுகுணாவின் சட்னியில் உப்பே இல்லை.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒருநாள் பஸ் சேதியோடு, மலைக்காரர்கள் விளைவித்துத் தின்னும் சாமை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சும்மா எழுதிவைத்தார். முந்நூறு பேர் சண்டைக்கு வந்தார்கள். அன்று பஸ்ஸில் நிற்க இடமில்லை.

"சண்டைன்னா போனு வூடு வூடாக் கொண்டுபோயிக் குடுக்குதுங்க. நல்ல சேதின்னா தூங்கிப்போவுது" என்கிறார்.

அன்றிலிருந்து தினம் ஒரு வம்பு. மலைத்தேனை இழுத்தார், தினையை இழுத்தார். சாமை அளவுக்கு எதுவும் ஓடவில்லை. இட்லிக்காரம்மாவுக்கு வாய்க்கொழுப்பு என்று மலையில் பேர். கடைக்கு வந்த மலைக்காரர்களில் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அது அவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. உண்மையைச் சொல்லலாமே என்றால், "சொல்லிட்டா யாருங்க சண்டைக்கு வருவா?" என்று அடுப்பில் விறகைத் தள்ளிவிடுகிறார்.

எட்டரைக்கு அந்த ஆறு பத்து பஸ் மலையிலிருந்து இறங்கி வந்தது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோகிலாவின் அம்மா முனியாயி நேராகக் கடைக்கு வந்து மஞ்சள் பையை மேசை மேல் நீட்டினார். உள்ளே புதுச் சாமை.

"உன்னைத் திட்டலாம்னு போனை எடுத்தாத்தான், பஸ் வர்றதே தெரியுது. இதை ஒரு தடவ ஒழுங்கா ஆக்கித் தின்னு பாரு. அப்புறம் பேசு."

சுகுணா பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போதே, மேசைக்கடியில் பாதி தின்று வைத்திருந்த தன் சாமைச் சோற்றுத் தூக்குவாளியைக் காலால் மெதுவாக உள்ளே தள்ளினார்.