ஆம்புரோஸ் கட்டாத பாட்டு

ஈப்போ புந்தோங்கில் ஐவியை இரண்டு விதமாக அடையாளம் சொல்வார்கள். பழைய டவுன் டோபிக் கடையில் துணி தேய்க்கிற அக்கா என்பார்கள் சிலர். பாட்டுக்கார ஆம்புரோசின் சம்சாரம் என்பார்கள் மற்றவர்கள். போன வருடக் கடைசியில் ஆம்புரோஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. "பாவம், அந்தப் பாட்டுக்காரரோட சம்சாரம்" என்று ஒரு பாவத்தை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பாட்டெல்லாம் கட்டியது ஐவி. அது அவளுக்குத் தெரியும், ஆம்புரோசுக்குத் தெரியும். ஆம்புரோஸ் வீட்டாருக்கும் தெரியும் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, சனங்கள் குடியிருந்த லயங்களையும் இடித்த பிறகு எல்லாரும் ஈப்போவுக்கும் கிள்ளானுக்குமாகச் சிதறிவிட்டார்கள். அந்தோணியார் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஜூன் மாதத் திருவிழாவுக்கு எல்லாரும் கார் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தேருக்கு வருடாவருடம் புதுப் பாட்டு வேண்டும். தேர் கோயில் வாசலைத் தாண்டும்போது பாட்டைக் கட்டியவர் மைக்கைப் பிடித்து முன்னால் நின்று முதல் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் அதை வாங்கிப் பாடும். யார் கட்டியது என்று தனியாக யாரும் சொல்ல மாட்டார்கள். முன்னால் நிற்கிறவருடைய பாட்டு அது.

ஐவி முதல் பாட்டைக் கட்டியது கல்யாணமான புதிதில். பொம்பளை தேருக்கு முன்னால் மைக் பிடிப்பதாவது என்று கமிட்டிப் பெரியவர்கள் முகம் சுளித்த காலம் அது. ஆம்புரோசுக்கு நல்ல குரல். "நீங்களே பாடிருங்க" என்று சொன்னது ஐவிதான். அதற்காக அவள் யார் மேலும் பழி போட்டதில்லை. "ஊருக்கு எதுக்குத் தெரியணும்? எங்க வீட்டாளுங்களுக்கு நான் சொல்லிட்டேன், அது போதும்" என்றார் ஆம்புரோஸ். அவளுக்கும் அது போதுமாக இருந்தது.

அவள் பாட்டை எழுதி வைப்பதில்லை. வாயிலேயே கட்டுவாள். கடையில் இஸ்திரிப் பெட்டி போய் வரும் ஓட்டத்தில் மெட்டு தானாக வந்து உட்காரும். சொல்லுக்குத்தான் அமைதி வேண்டும். வேலை விட்டு வந்து குளித்தபின், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வீட்டில் சத்தம் கூடாது. டிவி கூடாது, பேச்சுக் கூடாது. அந்த நேரத்தில் ஆம்புரோஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போய்விடுவார். வேறு எந்தப் புருஷன் இப்படி இடம் விடுவான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவர் போன பிறகு வீடு நாள் பூராவும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஒரு சொல்லும் முளைக்கவில்லை. அவர்களுடைய கிழட்டு நாய் ராணி வாசல் கேட்டுப் பக்கம் தலையை வைத்துப் படுத்தது, சோற்றை மோந்து பார்ப்பதோடு சரி. அப்போதுதான் பக்கத்துவீட்டு சன்னாசி, மோட்டார்சைக்கிள் பட்டறைக்காரன், ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, இத வச்சிக்கங்க. லோரிக்கு அடியில கெடந்துச்சி. ராணிக்குத் தொணையா இருக்கும்."

"இருக்கிறதே சாப்பிட மாட்டேங்குது. இது வேறயா? கொண்டு போ."

"எங்கக்கா கொண்டு போறது? என் சம்சாரம் என்னையே வெளிய படுக்கச் சொல்லுது. சின்னதுலா, ஒரு தொல்லையும் குடுக்காது."

"நீயும் சின்னதுல அப்படித்தான் இருந்திருப்பே."

பால் கலக்காத கோப்பி நிறத்தில் இருந்ததால் கோப்பி என்றே பேர் வைத்தாள். அது கொடுக்காத தொல்லை இல்லை. செருப்பைக் கடித்தது. சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும், ஊரே செத்துவிட்ட மாதிரி ஊளையிட்டது. ராணி முதல் வாரம் அதைப் பார்த்து உறுமிக்கொண்டே இருந்தது. ஒருநாள் குட்டி அதன் வாலைக் கவ்வித் தொங்கியபோது ராணி எழுந்து, குட்டியின் முதுகில் ஒரு முன்னங்காலை வைத்து அமுக்கி, அப்படியே படுத்துக்கொண்டது. குட்டி திமிறிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது.

அதற்குப் பிறகு ராணிக்கு அது ஒரு வேலை ஆயிற்று. ஐவி குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் ராணி எழுந்து குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போகும். அங்கே அதைக் கொஞ்சம் விளையாட விடும், காதைக் கடிக்கக் கொடுக்கும். குட்டி முன்பக்கம் ஓடப் பார்த்தால் சமையலறை வாசலை அடைத்துப் படுத்துக்கொள்ளும். குட்டி ஏறித் தாண்டப் பார்த்துச் சறுக்கி விழும். ராணி கொட்டாவி விடும். ஐவிக்கு மறுபடி ஒரு மணி நேரம் கிடைத்தது.

ஒருநாள் மழை விட்டதும் கோப்பி பின்பக்கக் கால்வாயில் விழுந்துவிட்டது. கணுக்கால் தண்ணீர்தான். ஐவி ஓடிப்போனாள். ராணி குரைக்கவில்லை, கவ்வித் தூக்கவும் இல்லை. கரையில் படுத்து, மூக்கைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, சும்மா இருந்தது. குட்டி அழுதது, சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு அழுகையை விட்டுவிட்டு ராணியின் மூக்குக்கு நேராகச் சுவரைப் பிறாண்டி, உடைந்த ஒரு கல்லில் கால் வைத்து ஏறி வந்தது. ராணி அதை நக்கியது. ஐவி ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆம்புரோஸ் செத்த பிறகு வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தூக்கிவிடத்தான் பார்த்தார்கள். எழுந்திரு, சாப்பிடு, தைரியமாக இரு என்றார்கள். ஒருவரும் பக்கத்தில் சும்மா படுத்துக்கொள்ளவில்லை.

அங்கேயே முதல் அடி வந்தது.

தூக்கிவிட வேண்டாம் ஐயா – என்
பக்கத்தில் இரும், அது போதும்.

ஈஸ்டருக்கு முன்னால் பாட்டு முழுசாக அமைந்துவிட்டது. இதுவரை கட்டியதிலேயே நல்ல பாட்டு இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. இப்போது கமிட்டியில் பாதிப் பேர் பெண்கள். குரல் சுமாராக இருந்தால் என்ன, இந்த வருடம் தானே முன்னால் நின்று எடுத்துக் கொடுக்கலாம் என்று ஆசை வந்தது. வாழ்நாளில் ஒரு தடவை.

ஆம்புரோசின் தங்கை விவியன் பெர்ச்சாமில் இருந்தாள். அவள் மகன் ஐவன்தான் திருவிழாவுக்குக் கீபோர்ட் வாசிப்பவன். அவனுக்கு மெட்டுத் தெரிய வேண்டும் என்று ஐவி அங்கே போய்ப் பாடிக் காட்டினாள். ஐவன் போனில் பதிந்துகொண்டான். விவியன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணனே வந்து நின்ன மாதிரி இருக்கு அண்ணி" என்றாள். ஐவிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. யார் எடுத்துக் கொடுப்பது என்று அவள் சொல்லவில்லை. கட்டியவள் உயிரோடு இருக்கும்போது அதைச் சொல்ல வேண்டுமா என்ன?

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஆம்புரோஸ் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். மறைந்த ஆம்புரோஸ் அவர்களின் கடைசிப் பாட்டு, எடுத்துக் கொடுப்பவர் மருமகன் ஐவன் என்று கீழே போட்டிருந்தது. ஐவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் யாருடைய வெள்ளைச் சட்டையோ பெட்டிக்கடியில் கருகிப்போனது.

சாயந்திரமே பெர்ச்சாமுக்குப் போனாள்.

"என் பாட்டுக்கு உங்கண்ணன் படத்தப் போட்டிருக்கே?"

விவியன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணி பேசுறீங்க? அண்ணன் பாட்டுதானே அது?"

"எந்தப் பாட்டு புள்ள அவர் கட்டுனது? உனக்குத் தெரியாதா? உங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன்னு சொன்னாரே."

விவியன் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அதுதான் ஐவியைப் பயமுறுத்தியது.

"சொன்னாரு. ஆனா இப்படிச் சொல்லலியே அண்ணி. ஐவிக்கு ஞாபகம் ஜாஸ்தி, நான் முணுமுணுக்கிறத எல்லாம் அப்படியே பிடிச்சி வச்சிக்கும், கேசட்டு மாதிரின்னு சொல்லுவாரு. எங்கப்பா இருக்கறப்பவே சொல்லியிருக்காரு. எப்பவும் அதத்தான் சொல்லுவாரு."

"கேசட்டா?"

"வெளையாட்டாத்தான்லா சொல்லுவாரு. பெருமையாத்தான்."

சொன்னால் புரிந்துவிடும் என்ற வேகத்தில் ஐவி ராணியைப் பற்றியும் கோப்பியைப் பற்றியும் கால்வாயைப் பற்றியும் சொன்னாள். குட்டி வந்ததே அவர் செத்த பிறகுதானே, அப்படியென்றால் அந்த அடி எப்படி அவருடையதாகும் என்று கேட்டாள்.

விவியன் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "நாயப் பாத்தா அந்தோணியாருக்குப் பாட்டுக் கட்டுனீங்க? ஐயோ, இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க அண்ணி. ஃபாதர் காதுல விழுந்தா பாட்டே வேணான்னுடுவாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் செத்து ஒரு வருசங்கூட ஆவல. அவரப் பொய்யராக்கிட்டு நீங்க மைக்கப் பிடிக்கணுமா?"

அவளிடம் இருந்த ஒரே சாட்சிக்கு நாலு கால். அதையும் சிரித்துத் தள்ளியாயிற்று.

அன்று ராணி வழக்கம்போல் குட்டியைப் பின்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனது. ஐவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இதே நேரத்தில்தான் ஆம்புரோஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். கோப்பிக் கடையில் என்ன பேசியிருப்பார்? நேற்று அவள் வாயில் கேட்ட அடியை மேசையில் தாளம் போட்டு, "இப்பத்தான் தோணுச்சி மச்சான்" என்று சொல்லியிருப்பாரா? அவளுக்கு இடம் விட்டுப் போனாரா, எடுத்ததைக் காட்டப் போனாரா? கேட்க ஆள் இல்லை. இத்தனை மாதமாக அவருக்காக வந்துகொண்டிருந்த அழுகை, இனி யாருக்காக வருவது என்று தெரியாமல் நின்றுபோயிற்று.

திருவிழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். ஐவன் காரோடு வந்து நின்றபோது மறுக்க முடியவில்லை. வழியெல்லாம் அவன் அவள் பக்கம் திரும்பாமலே ஓட்டினான்.

செம்பனைக்கு மேல் வெயில் இறங்கும் நேரத்தில் தேர் அலங்காரம் முடிந்தது. ஐவன் மைக்கோடு அவளிடம் வந்தான். "அத்தை, என் பக்கத்துல நில்லுங்க. மாமா நெனப்பா."

"வேணாம். நீ பாடு."

ஆனாலும் கூட்டம் அவளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியது. பாட்டுக்காரரின் சம்சாரத்துக்கு அங்கேதான் இடம் என்று அவர்களுக்கு நினைப்பு. பழைய லயத்துப் பக்கத்துவீட்டுக்காரி புஷ்பலதா அவள் கையை இறுகப் பிடித்திருந்தாள். தேர் வாசலைத் தாண்டியது. ஐவன் முதல் அடியை எடுத்துக் கொடுத்தான். கூட்டம் வாங்கிக்கொண்டது. பல பேர் அழுதார்கள்.

"அண்ணன் பேசுற மாதிரியே இருக்கு" என்றாள் புஷ்பலதா.

"அது நான் கட்டுனது, லதா."

"ஆமா ஐவி, நீயும்தானே கூட இருந்தே. புருசன் பொஞ்சாதின்னா ரெண்டா என்ன?" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

ஐவன் சுருதியைக் கூடுதலாக எடுத்துவிட்டான். சரணத்தில் மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் அவன் குரல் உடைந்தது. மறுபடி முயன்றான், மறுபடி உடைந்தது. பாட்டு புதுசு, கூட்டத்துக்கு அடுத்த அடி தெரியாது. முகங்கள் ஒவ்வொன்றாக ஐவியின் பக்கம் திரும்பின. ஐவன் மைக்கை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் வாயைத் திறந்தால் பாட்டு பிழைத்துவிடும். ஆம்புரோசின் பாட்டை ஆம்புரோசின் விதவை தூக்கி நிறுத்தினாள் என்று ஊர் சொல்லும், சாகும்வரை சொல்லும். அந்த அடி அவள் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பெற்ற பிள்ளை தடுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஐவி வாயைத் திறக்கவில்லை.

கீபோர்டுக்கு ஐவன் உட்காரவைத்திருந்த பையன் கொஞ்சம் தனியாக வாசித்துவிட்டு நிறுத்தினான். பின்னாலிருந்து யாரோ எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள். கூட்டம் மூச்சுவிட்டுக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டது. தேர் நகர்ந்தது. விவியன் தேரின் அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்த பார்வையில் இனி உறவு இல்லை.

திரும்பும்போதும் ஐவன்தான் அவளைப் புந்தோங்குக்குக் கொண்டு வந்தான். வீட்டு முன்னால் காரை நிறுத்தியதும் ஐவி சொன்னாள்:

"உங்க மாமா ஒண்ணும் வச்சிட்டுப் போகலடா. ஒரு பாட்டுகூட அவரு கட்டுனது இல்ல."

ஐவன் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும் அத்தை."

"என்னா தெரியும்?"

"நீங்க வீட்டுல பாடிக் காட்டுனப்பவே தெரிஞ்சிச்சு. முன்ன மாமா எனக்குப் பாட்டச் சொல்லிக் குடுக்கிறப்ப நடுவுல நிறுத்தி, உள்ள போயி உங்ககிட்ட கேட்டுட்டு வருவாரு. நீங்க பாடுறப்ப நிறுத்தவே இல்ல. அம்மா ரொம்ப ஆசப்பட்டாங்க அத்தை. நான் முன்னால நிக்கணும்னு."

"தெரிஞ்சேதான் பாடுனே?"

ஐவி கதவைத் திறந்து இறங்கினாள். இத்தனை நாளில் ஒரே ஒரு ஆளுக்கு உண்மை தெரிந்திருந்தது. அந்த ஆள்தான் மைக்கைப் பிடித்திருந்தான்.

"அடுத்த வருசம் பாட்டு இருந்தா, நான்தான் எடுத்துக் குடுப்பேன். கமிட்டியில அத நீ எழுந்து நின்னு சொல்லணும். உங்கம்மா உக்காந்திருக்கும்போதே சொல்லணும். இல்லேன்னா என்கிட்ட பாட்டுக் கேட்டு வராத."

அவன் தலையை ஆட்டினானா இல்லையா என்று அவள் நின்று பார்க்கவில்லை.