வெறும் வயிற்றில் வந்த இருவர்

எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வரும் குடிகாரர்களில் பாதிப் பேரை மனைவிமார்தான் இழுத்து வருவார்கள். மார்க்கையன்கோட்டை ராசாங்கமும் அப்படி வந்தவர்தான். வாழை விவசாயி, பொழுது சாய்ந்தால் குடி. மனைவி பாண்டியம்மாள்தான் பேசினார்.

"டாக்டரம்மா, ஈரல் வெந்துபோச்சுன்னு சொல்லுங்க. வேகாட்டியும் சொல்லுங்க. அப்பத்தான் இவுக பயப்படுவாக."

பொய் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லையம்மா என்று சொல்லிவிட்டு, வயிற்றில் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் ப்ரோபை வைத்தேன். கிட்னியோடு ஒப்பிட்டால் ஈரல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஈரலில் கொழுப்பு; ஃபேட்டி லிவர், கிரேடு டூ. ஈரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் அடையாளம் எதுவும் இல்லை. இப்போதே நிறுத்தினால் தேறிவிடலாம் என்றேன்.

"பாத்தியா, ஒண்ணுமில்லன்னு நாந்தான் சொன்னேன்ல," என்றார் ராசாங்கம் மனைவியிடம்.

எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகத் திட்டியிருப்பேன். அதற்குள் பாண்டியம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துவிட்டேன். இரண்டு காலும் வீங்கியிருந்தன, வயிறு உப்பியிருந்தது. விசாரித்தால் சர்க்கரை பல வருடமாக இருக்கிறதாம். மாத்திரை, நினைவு வந்தால் போடுவாராம்.

"வயிறு வாய்வுதான் டாக்டரம்மா."

"காலையில ஏதும் சாப்பிட்டீங்களா?"

"அவுக வெறும் வயித்தோட வாறப்ப நான் மட்டும் எப்பிடித் திங்கிறது?"

அதுவும் நல்லதாகப் போயிற்று. அங்கேயே படுக்கச் சொன்னேன்.

ஈரல் சுருங்கி, மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. மண்ணீரல் பெருத்திருந்தது. வயிற்றில் நீர். ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத பெண்ணுக்குச் சிரோசிஸ். எனக்கு மனசு ஆறவில்லை. மெதுவாக எடுத்துச் சொன்னேன். சர்க்கரையோடு வருகிற ஃபேட்டி லிவரும் கவனிக்காமல் விட்டால் இப்படி ஆகும், ரத்தப் பரிசோதனை செய்து மற்ற காரணங்களையும் பார்க்க வேண்டும், உடனே மதுரையில் ஈரல் டாக்டரிடம் போங்கள் என்றேன்.

"நான் போகல," என்றார் பாண்டியம்மாள். "பொம்பளைக்கு ஈரல் கெட்டுப்போச்சுன்னா திருட்டுத்தனமாக் குடிச்சான்னுதான் பேசுவாக. அந்தப் பேரு எனக்கு வேணாம்."

சிகிச்சை இல்லாமல் விட்டால் ஆளே மிஞ்சமாட்டார். எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ராசாங்கம் ஸ்டூலை மனைவி பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"ஈரல் போனது எனக்குன்னு சொல்லிக்கிருவோம். ஆஸ்பத்திரிக்கு நான் போறேன், நீ தொணைக்கு வாற. யாரு நம்பமாட்டாக?"

பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஊர் நம்பியது. ஈரல் போன ஆளுக்கு ஊற்றிக்கொடுக்கக் கூட்டாளிகளுக்குத் தைரியம் வரவில்லை. ஆறு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அந்த அம்மாவின் ஈரல் பழையபடி ஆகாது. ஆனால் நீர் வடிந்திருந்தது, கட்டி எதுவும் இல்லை. ராசாங்கத்தின் ஈரலில் கொழுப்புக் குறைந்திருந்தது.

புதிதாக ப்ரோப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஈரல் என்றால் குடியை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், சர்க்கரையையும் கேளுங்கள். கூட வந்தவரையும் ஒரு பார்வை பாருங்கள்.

இருவரும் மறுபடி வந்த அன்றைக்கு ராசாங்கத்திடம், குடியை எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நான் குடிச்சா பொய்யி வெளிய வந்துரும், டாக்டரம்மா. அப்பறம் இவ வைத்தியத்துக்கு வரமாட்டா."