சுருதி இறக்கிய ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டாராம்.

காலையில், அக்காவோடு கோயிலில் பாடும் அந்தோணி அண்ணன் திண்டிவனத்திலிருந்து போன் பண்ணினார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்... ஆனால் ஐந்தே நிமிஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவை நினைத்தால் அப்படித்தான் ஆகும்.

நாங்கள் ஒரு சர்க்கரை ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா எடைமேடை கிளார்க். வரிசையில் நிற்கும் கரும்பு டிராக்டர்களை மைக்கில் கூப்பிடுவது அவர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு லீடர். நான் சிஸ்டம் அட்மின்.

ஒரு அரவை சீசனுக்கு ஆசை ஆசையாகப் புது சர்வர் வாங்கினேன். ஏற்கெனவே மூன்று பழசு. அதில் ரொம்பப் பழசுக்கு நாங்கள் வைத்த பேர் திருவக்கரை. அந்த ஊரில் இருப்பது கல்லாகிப்போன மரம்தானே!

எடை போடும் சாஃப்ட்வேர் ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது சர்வருக்குள் இருக்கும் நிழல் கம்ப்யூட்டரில், ஓடியது. ஒரு சர்வர் மக்கர் பண்ணினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அது இன்னொரு சர்வருக்கு மாறிவிட வேண்டும். அதைப் புதுசில் ஏற்றினேன். திரும்பப் பழசுக்கு மாற்றிப் பார்த்தால்... போகவே மாட்டேன் என்கிறது. புது ப்ராசசருக்குத் தெரிந்த வித்தை திருவக்கரைக்குத் தெரியாது.

அது போதாதென்று, இந்த மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வேறு. எங்களிடம் இருந்தது ஆறு ப்ராசசருக்கு. நாலு சர்வரிலும் தலைக்கு இரண்டாக எட்டு. புதுசு ஓடிக்கொண்டிருந்த இலவச ட்ரயல் முடிய ஒரே வாரம்.

"இன்னொரு லைசென்ஸ் கிடையாது. எடைமேடை நின்னா நீ வீட்டுக்குப் போயிடு" என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

எடைமேடை ரூமில் போய் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா கதிரு, மூஞ்சி பேஜாரா இருக்குது?"

சொன்னேன். அக்கா சிரித்தார்.

"கொயர்ல நான் இன்னா பண்றேன்? அந்தோணிக்குக் கட்டக்குரலு. அவனுக்கு எட்டற சுருதிக்கு எல்லாரும் எறக்கிக்கினுதான் பாடறோம். புதுசுகிட்ட சொல்லு, தெரிஞ்சத தெரியாத மாதிரி இருன்னு."

அட... அப்படி ஒரு செட்டிங் உண்மையிலேயே இருக்கிறது! எல்லா சர்வரையும் இருப்பதிலேயே பழைய ப்ராசசரின் அளவுக்கு இறக்கி வைப்பது. புத்தம்புது சர்வரைப் போய் இறக்குவதா என்று நான்தான் கௌரவம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கு எடை போடும் விர்ச்சுவல் மெஷினை ஒருமுறை அணைக்க வேண்டும். கால் மணி நேரம்! வெளியே ரோடு வரைக்கும் டிராக்டர். வெயிலில் கரும்பு காய்ந்து எடை குறைந்தால் விவசாயிகள் சும்மா விடுவார்களா?

"நீ ஜல்தி முடி. நான் பாத்துக்கறேன்" என்று அக்கா மைக்கை எடுத்தார்.

பாட ஆரம்பித்துவிட்டார்! மாதா பாட்டு ஒன்று. அப்புறம் நடவுப் பாட்டு. டிராக்டர்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மெஷின் வந்துவிட்டது என்று நான் கையைக் காட்டினேன். ஒலக்கூர்க்காரர் ஒருவர் எழுந்து, "மெஷினு இருக்கட்டும் சார், அக்கா பாட்ட முடிக்கட்டும்" என்றார்.

என் வேலை பிழைத்தது.

அதன் பிறகு அந்த விர்ச்சுவல் மெஷின் நிற்காமலே சர்வருக்குச் சர்வர் தாவியது. இரண்டு பழைய சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, தலைக்கு ஒரு ப்ராசசரைக் கழற்றினேன். எட்டு ஆறானது. லைசென்ஸும் சரி.

கழற்றிய இரண்டையும் அக்கா பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பார்த்தால், எடைமேடை ரூமில் வைத்த கிறிஸ்துமஸ் குடிலில், ஆடு தண்ணீர் குடிக்கும் குளமாகப் பளபளவென்று கிடக்கிறது! மேனேஜரே வந்து குனிந்து பார்த்து, "குளம் சூப்பர்மா" என்றார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மாட்டியிருப்போம்.

அந்த வருஷம் வீடு வீடாகக் கேரல் பாட என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"எனக்குச் சுத்தமா வராதுக்கா."

"தெரியும். அந்தோணிய விட மோசம். வா."

மொத்தக் குழுவும் எனக்காக இன்னும் கீழே இறங்கிப் பாடியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்று போனை வைப்பதற்கு முன்னால் அந்தோணி அண்ணன் கேட்டார். "நாளைக்கு அடக்கத்துல நீயும் பாடறியா?"

"என் குரலை வெச்சுக்கினா?"

"எறக்கிக்கினா போச்சு."

போய் வாங்க அக்கா. நாளைக்குப் பாட வர்றேன்...