எட்டுக் கைகள் இருந்த சுவர்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம். என் கணவரே இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் அன்று அந்த அறையில் அவர் இல்லை. நான் இருந்தேன்.

பழங்குடி மக்களின் சுவரோவியங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் எனக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. எதிரே பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்சுவர், கதவளவு அகலம். அணை கட்டியபோது மூழ்கப்போன ஊரிலிருந்து அறுத்து எடுத்து வந்தது. செம்மண் பூச்சின் மேல் வெள்ளைக் களிமண்ணில் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையைச் சுற்றியும் விரலால் இழுத்த அலைக் கோடுகள். கீழே ஒரு பலகை: ‘கலைஞர்: தெரியவில்லை.’

தெரியவில்லையாம். யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. நான் கேட்டேன். நாலே மாதத்தில் அந்தச் சுவர் இருந்த வீட்டுப் பெண் கிடைத்துவிட்டார். ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் வேலை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

சுவரின் புகைப்படத்தைக் காட்டியதும் அக்கா நடுவிலிருந்த பெரிய கையைத் தொட்டார்.

“இது எங்கம்மா. சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாரு.”

அப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அது அலங்காரம் இல்லை. வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் சுவரில் கை பதிக்க வேண்டும். ஒருத்தி இறந்தால், அன்றே பொழுது சாய்வதற்குள், அதே வீட்டுப் பெண் ஈரத்துணியால் அந்தக் கையை மட்டும் துடைத்துவிட வேண்டும். துடைத்தால்தான் போனவள் போவாள்.

“அம்மா சாகுறதுக்கு முன்னாடியே சுவர உங்க மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவ இன்னும் வீட்டுக்குள்ளயே நிக்கிறா. எவ்வளவு நேரந்தான் நிப்பா, சொல்லு?”

மற்ற கைகளைப் பற்றி அடுத்த முறை சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை அக்கா அருங்காட்சியகத்துக்கு வந்தார். நல்ல சேலை. பையில் மடித்த துணி ஒன்று. எங்கள் காப்பாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘கண்ணாடிப்பெட்டி’. விட்டால் சொந்த மாமியாரையும் பெட்டிக்குள் வைத்துப் பலகை மாட்டிவிடுவார் என்பார்கள். அவர் அக்காவை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“துடைக்கணுமா? அது உலகத்துக்கே சொந்தமான பொருள்மா.”

“எங்கம்மா கைங்க அது.”

“அதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?”

அக்கா தன் கையை மேசைமேல் விரித்து வைத்தார். சுண்டுவிரல் வளைந்திருந்தது. காப்பாளர் குனிந்து பார்க்கவே இல்லை. காவலாளியை மணியடித்துக் கூப்பிட்டார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். “வயித்தெரிச்சலா இருக்குடி தங்கச்சி” என்றார். அவ்வளவுதான். பேருந்து வந்துவிட்டது.

நான் கீழே திரும்பி வந்து படம் வரைய உட்கார்ந்தேன். கோபத்தில் பென்சில் ஓடவில்லை.

ஐந்தே முக்கால் இருக்கும். மண் வாசனை வந்தது.

மழை பெய்தால் வருமே, அந்த வாசனை. ஆனால் அது அடித்தளம். மழை பெய்தாலும் அங்கே தெரியாது.

சொட்... சொட்...

மேலே குழாய் எங்காவது ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். கூரை காய்ந்து கிடந்தது.

அடுத்து, துணியைப் பிழியும் சத்தம். தண்ணீர் மொத்தமாக விழுந்தது.

சளக்.

திரும்பினேன். கண்ணாடிப் பெட்டி முழுக்க ஆவி படிந்திருந்தது. கிட்டே போய் உள்ளங்கையால் துடைத்தேன். போகவில்லை. ஆவி உள்பக்கம்.

சர்ர்... சர்ர்...

உள்ளே எதையோ தேய்க்கிறார்கள். அவசரமே இல்லாமல்.

கூடவே ஒரு குரல். பேச்சு இல்லை. குழந்தைக்குக் கைகழுவி விடும்போது, அது சிணுங்கினால், அம்மாக்கள் சமாதானம் செய்வார்களே... அது.

“ச்சு... ச்சு... ஆச்சு... ஆச்சு...”



சத்தம் நின்றது.

ஆவிக்குள்ளிருந்து ஒரு கை வந்து கண்ணாடியில் பதிந்தது.

பெரிய கை.

சுண்டுவிரல்...

ஓடினேன்.

மாடிப்படியில் காவலாளி அண்ணன்மேல் மோதிக்கொண்டேன். “என்னம்மா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?” என்றார். கீழே கை காட்டினேன். அவர் காப்பாளரைக் கூட்டி வந்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி காப்பாளரிடம் மட்டும்தான். திறந்தார். ஆவி இல்லை. பெட்டியின் அடியில் செம்மண் தண்ணீர் தேங்கியிருந்தது.

சுவரில் ஏழு கைகள்தான் இருந்தன.

ஆனால் அம்மாவின் கை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு குழந்தைக் கை இருக்கும், என் பாதி உள்ளங்கை அளவு. அதைத்தான் காணோம்.

“அந்தப் பொம்பளை வேலைதான் இது!” காப்பாளர் கத்தினார்.

“அவங்க மூணு மணிக்கே பஸ் ஏறிட்டாங்க சார். பூட்டும் உடையல” என்றேன்.

“அப்போ நீங்க உள்ள விட்டிருக்கீங்க.”

அன்றிரவே அக்காமேல் போலீசில் புகார் கொடுத்துவிட்டார்.

காலையில் அக்காவை எச்சரிக்கலாம் என்று போன் செய்தேன். அவர் கணவர் எடுத்தார்.

“அவ போயிட்டாம்மா.”

“எங்க?”

“செத்துட்டா. பஸ்ஸுல வரும்போதே நெஞ்சு வலி. எங்க ஊர் நிறுத்தத்துல எறக்குறப்ப உசுரு இல்ல. ஆறு மணிகூட ஆகல.” மூச்சை இழுத்துக்கொண்டார். “போலீசு இப்பத்தான் வந்துட்டுப் போறாங்க. செத்தவமேல கேஸாம். எந்தக் கைம்மா அழிஞ்சது?”

“கீழ இருந்த சின்னக் கை.”



“அது அவளோடதும்மா. மூணு வயசுல அவங்கம்மா புடிச்சு வெச்சது. அந்த வீட்டுப் பொம்பளைங்கள்ல மிச்சம் இருந்தது இவ ஒருத்திதான். இவளுக்கு யாரு துடைச்சா?”

நான் போனை வைத்துவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டேன். ஆராய்ச்சியையும். சுவரை இப்போது மேல்தளத்தில், விளக்கு வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த பெயரைப் பலகையில் போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்க்கிறார்கள்.

போன மாதம் அங்கே பழுதுபார்ப்பு வேலை செய்யும் தோழி ஒருத்தியைக் கடையில் பார்த்தேன். அந்தச் சுவரோடு பெரிய தொல்லை என்றாள். ஈரம் உறிஞ்ச இரண்டு இயந்திரம் வைத்துப் பார்த்துவிட்டார்களாம். சுவர் முழுக்க எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கிறதாம்.

நடுவிலிருக்கும் பெரிய கை மட்டும் காயவே மாட்டேன் என்கிறதாம்.